படி வைத்த மீன் தொட்டி: நாமே ஒட்டுவதா, செய்து வாங்குவதா?

மதுரையில் தெப்பக்குளம் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பின்பாதி ஆழமில்லாத மேடு, முன்பாதி சட்டென்று கீழே இறங்கும் பள்ளம் என்று ஒரு கண்ணாடித் தொட்டி. மேட்டில் புல் மாதிரி செடிகள், பள்ளத்தில் நெட்டையாக ஏஞ்சல் மீன்கள். “அண்ணே, இதை நம்ம ஊர்லயே ஒட்டிடலாமா, இல்ல வெளியூர்ல சொல்லி வரவழைக்கணுமா?” என்று கேட்டார். இந்தக் கேள்வி என்னிடம் வருவது இது நான்காவது தடவை. நான்கு பேருக்கும் நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் வீடும் வசதியும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. எதையெல்லாம் பார்த்து அந்தப் பதில்களைச் சொன்னேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

இதற்கு டிராப் ஆஃப் தொட்டி என்று பெயர். பவளத்திட்டின் விளிம்பில் ஆழம் குறைந்த தரை முடிந்து, சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும் இடத்தைக் கடலில் அப்படிச் சொல்வார்கள். வசதிக்காக நான் மேடு, பள்ளம் என்றே சொல்கிறேன். பேசுவதற்கு ஓர் அளவும் வைத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அதாவது 4 அடி. முன்பின் அகலம் 75 செ.மீ. பின்னால் 40 செ.மீ. அகலத்துக்கு மேடு, அங்கே ஆழம் 40 செ.மீ. முன்னால் 35 செ.மீ. அகலத்துக்குப் பள்ளம், அங்கே ஆழம் 80 செ.மீ. மேலே 5 செ.மீ. விட்டு நிரப்பினால் 480 லிட்டர் பிடிக்கும்.

எதை வைத்து முடிவு செய்வது

கண்மாய்க் கரையை ஏன் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் போடுகிறார்கள்? ஆழம் கூடக் கூடத் தண்ணீர் தள்ளும் விசை கூடும். தொட்டிக்கும் அதே கணக்குதான். 4 அடி நீளக் கண்ணாடிக்குப் பின்னால் 40 செ.மீ. தண்ணீர் நின்றால் அது மொத்தமாகத் தள்ளும் விசை ஏறக்குறைய 96 கிலோ. 80 செ.மீ. நின்றால் 384 கிலோ. ஆழம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. அதனால் “இரண்டு அடித் தொட்டிக்கு 10 மி.மீ. போட்டோம், இதுக்கு 12 போதும்” என்று கடையில் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். இந்த அளவுக்கு மேல்விளிம்பில் கண்ணாடிப் பட்டை ஒட்டிக் கட்டு போட்டால் 15 மி.மீ., கட்டே வேண்டாம் என்றால் 19 மி.மீ. என்பதுதான் என் கணக்கு.

ஆனால் இந்தத் தொட்டியின் உயிர் முன்கண்ணாடியில் இல்லை. மேட்டின் தரைக் கண்ணாடியும் பள்ளத்தின் பின்சுவரும் சேரும் இடம் ஒன்று இருக்கிறது. மடக்கிய கையின் முழங்கை மாதிரி இருப்பதால் அதை முழங்கை மூட்டு என்கிறேன். நிரம்பிய தொட்டியில் மேட்டுத் தரையைத் தண்ணீர் 190 கிலோ அளவுக்குக் கீழே அழுத்துகிறது. பள்ளத்தின் பின்சுவரை 290 கிலோ அளவுக்குப் பின்னால் தள்ளுகிறது. இரண்டும் வந்து கூடுவது அந்த ஒரு சிலிகான் கோட்டில். சாதாரணத் தொட்டியில் இப்படி ஒரு மூட்டே கிடையாது. அதனால் எந்த வழியில் போனாலும் என் முதல் கேள்வி இதுதான்: முழங்கையை ஒட்டப்போவது யார், அது கசிந்தால் வந்து நிற்கப்போவது யார்?

இரண்டாவது, ஸ்டாண்ட். இந்தத் தொட்டி இரண்டு மட்டத்தில் உட்காருகிறது. மேட்டைத் தாங்கும் பலகை 2 மி.மீ. தாழ்ந்திருந்தால் மேட்டின் பாரம் முழங்கையில் இறங்கும். 2 மி.மீ. உயர்ந்திருந்தால் பள்ளம் முழுவதும் முழங்கையில் தொங்கும். தண்ணீர் 480 கிலோ, 15 மி.மீ. என்றால் கண்ணாடி மட்டும் 140 கிலோ, கல்லும் மணலும் ஒரு 80, ஸ்டாண்ட் 60. மொத்தம் 760 கிலோ, அதுவும் ஒரு சதுர மீட்டருக்குள். வீட்டு அறைகளின் கான்கிரீட் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் பயன்பாட்டுச் சுமை தாங்குவதாக வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். அந்தக் கணக்கு அறை முழுவதற்கும் பரவலாகப் போட்டது என்பதால் தொட்டி வைத்தவுடன் தளம் விழுந்துவிடாது. ஆனாலும் மாடி என்றால் உத்திரத்துக்கு மேலே, சுவர் ஓரத்தில்தான் வைக்க வேண்டும், அதையும் கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். மாசி வீதிகளுக்குள் மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மச்சு இன்னும் இருக்கிறது. அங்கே மாடியில் இந்தத் தொட்டியை நினைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, வாசல். ஒட்டி முடித்த தொட்டியின் குறுகிய முகமே 75-க்கு 80 செ.மீ. இரண்டரை அடிக் கதவில் நுழையாது. படிக்கட்டில் திரும்பாது. கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் நிலை வைக்கும் முன்பே யோசிக்கலாம், குடியிருக்கும் வீடு என்றால் டேப்பை எடுத்து அளந்துவிட்டு மேலே படியுங்கள்.

நான்காவது, பராமரிப்பு. சாதாரண ஆளின் கை 80 செ.மீ. ஆழத்துக்கு எட்டாது. அழுக்கெல்லாம் மேட்டிலிருந்து உருண்டு பள்ளத்தில்தான் சேரும். ஃபில்டர் மேல்தண்ணீரை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் பள்ளத்து அடித்தண்ணீர் அசையாமல் கிடக்கும்.

வழி ஒன்று: நாமே ஒட்டுவது

மேலே சொன்ன அளவுக்கு மொத்தக் கண்ணாடி 40 சதுர அடி வரும். கடையில் 15 மி.மீ.க்குச் சதுர அடி என்ன விலை, ஓரம் பாலிஷுக்கு அடிக்கு என்ன கூலி என்று கேட்டுப் பெருக்கினால் உடனே செலவு தெரியும். நான்கு வழிகளில் டிராப் ஆஃப் வடிவத்துக்கு இதுதான் மலிவு. கதவில் நுழையாத வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரே வழியும் இதுதான், ஏனென்றால் கண்ணாடிகளைத் தனித்தனியாக உள்ளே கொண்டுபோய்த் தொட்டி நிற்கும் இடத்திலேயே ஒட்டலாம்.

கடினமான விஷயம் பக்கக் கண்ணாடி. அது ‘ட’ மாதிரி உள்மூலை வைத்த வடிவம். சாதாரணக் கண்ணாடி வெட்டும் வைரமுனையால் இப்படி ஓர் உள்மூலையைக் கீறி உடைக்க முடியாது. மிஷினில் அறுத்தாலும் அந்த மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதை உருட்டி, பாலிஷ் போட்டுத் தர வேண்டும். அந்த வசதி இல்லை என்றால் பக்கத்தை இரண்டு செவ்வகமாகப் போட்டு நடுவில் ஒட்டலாம். பக்கவாட்டில் ஒரு கோடு தெரியும், எனக்கு அது உறுத்தவில்லை.

சிலிகானில் கஞ்சத்தனம் கூடாது. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகான் மீனைக் கொல்லும். மீன் தொட்டிக்கு என்றே போட்டிருப்பதை வாங்குங்கள். சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவாக இறுகும். கனமான கண்ணாடியின் நடுவரைக்கும் இறுக ஒரு வாரத்துக்கு மேலேயே விடுங்கள். சித்திரை, வைகாசி வறட்சியில் இன்னும் தாமதமாகும், புழுதியும் வந்து ஒட்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒட்டினால் நிம்மதி.

மறைந்திருக்கும் செலவு எது என்றால், தப்பு நடந்தால் ஆகும் செலவு. பழைய சிலிகான் மேல் புது சிலிகான் ஒட்டாது. ஒரு மூட்டில் கசிந்தால் மேலே பூசிச் சமாளிக்க முடியாது, சுரண்டி எடுத்து, கண்ணாடியைப் பிரித்து மறுபடியும் ஒட்ட வேண்டும். 15 மி.மீ. கண்ணாடியைப் பிரிப்பது நான்கு ஆள் வேலை. முன்பு ஒரு தொட்டியாவது ஒட்டிப் பழகாதவர் முதல் வேலையாக இதை எடுக்க வேண்டாம். இரண்டு அடித் தொட்டி ஒன்றை ஒட்டி, ஒரு மாதம் மீன் விட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வழி இரண்டு: மதுரையிலேயே ஆள் வைத்து ஒட்டி வாங்குவது

பெரும்பாலானவர்கள் போகும் வழி. கண்ணாடிக் கடையில் தொட்டி, வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்ட், ஆசாரியிடம் மேல்வேலை. மூன்று பேரும் நல்ல கைக்காரர்களாகவே இருப்பார்கள். சிக்கல் அவர்கள் மூன்று பேராக இருப்பதுதான்.

என் முதல் படித்தொட்டி அப்படித்தான் வந்தது. பதினோராவது நாள் சாயங்காலம் ஸ்டாண்டுக்குள் கைவிட்டபோது பிளைவுட் ஈரமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மேட்டுக் கண்ணாடியின் அடியில், முழங்கை ஓரமாக, ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பருத்து, ஆடி, விழுந்தது. அதே இடத்தில் அடுத்தது துளிர்த்தது. அம்மா ஒரு சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து அடியில் வைத்தார், விடியும்போது அது நிறைந்திருந்தது. பிளைவுட் ஓரம் அப்பளம் மாதிரி உப்பி மேடாகிவிட்டது. தண்ணீரை இறக்கிவிட்டு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மேட்டின் பக்கம் மட்டம் போயிருந்தது. ஒட்டியவர் ஸ்டாண்டைக் குறை சொன்னார், ஸ்டாண்ட் செய்தவர் ஒட்டியதைக் குறை சொன்னார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பை யாரிடமும் நான் ஒப்படைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் விடாத நிபந்தனைகள் உண்டு. ஸ்டாண்ட் முதலில், தொட்டி பிறகு. இரண்டு மட்டமும் ஒரே சட்டமாக, இரும்புக் குழாயில் வெல்டிங். மேட்டுக்கு ஒரு மேஜை, பள்ளத்துக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைக்கவே கூடாது. மட்டம் பார்ப்பது பட்டறையில் இல்லை, வீட்டில், தொட்டி நிற்கப்போகும் தரையில். மேலே போடும் பலகை தண்ணீர் தாங்கும் மரைன் பிளை. அந்த ஸ்டாண்டை அளந்து, அந்த அளவுக்குக் கண்ணாடிக்காரர் வெட்ட வேண்டும். தரைக் கண்ணாடி இரண்டுக்கும் அடியில் தெர்மாகோல் அல்லது ரப்பர் ஃபோம் ஷீட் போட்டால் சின்ன ஏற்றத்தாழ்வை அது வாங்கிக்கொள்ளும். 2 மி.மீ. தப்பை வாங்கிக்கொள்ளாது.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். கடைசித் தவணை தண்ணீர் நிரப்பிச் சோதித்த பிறகு என்று ஆரம்பத்திலேயே பேசிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. தொட்டி ஒட்டுபவரே ஸ்டாண்டையும் தன் பொறுப்பில் செய்து தருவதாகச் சொன்னால், விலை கொஞ்சம் கூடுதலானாலும் அவரிடமே போங்கள். அந்தக் கூடுதல் பணத்துக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார்.

வழி மூன்று: வெளியூர்த் தயாரிப்பாளரிடம் செய்து வாங்குவது

சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அங்கும் மற்ற பெருநகரங்களிலும் அளவு சொன்னால் செய்து தருபவர்கள் கிடைப்பார்கள். மிஷினில் வெட்டிய ‘ட’ வடிவப் பக்கக் கண்ணாடி, இரும்பு குறைந்த, பச்சை அடிக்காத லோ ஐயன் கண்ணாடி, ஓவர்ஃப்ளோ குழாய்க்கான துளை எல்லாம் சுத்தமாக வரும். 15 மி.மீ. சாதாக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெள்ளை மணலே லேசாகப் பச்சையாகத் தெரியும், அதனால் முன்கண்ணாடி ஒன்றுக்காவது லோ ஐயன் போடுவது நல்லது.

அக்ரிலிக்கும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும். படித்தொட்டிக்கு அக்ரிலிக்கில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. மூட்டுகளைக் கரைப்பான் விட்டு ஒட்டும்போது இரண்டு தகடும் கரைந்து ஒன்றாகிவிடும், முழங்கை சிலிகானை நம்பி நிற்பதில்லை. எடையும் கண்ணாடியில் பாதிக்கும் கீழே. ஆனால் நம் ஊர்த் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,400 காட்டுகிறது. தண்ணீர் ஆவியாகும் கோட்டில் வெள்ளை உப்புப் படியும். கண்ணாடியில் வினிகர் தொட்டு பிளேடால் சுரண்டிவிடலாம். அக்ரிலிக்கில் பிளேடு வைத்தால் கீறல்தான், ஒரு மணல் துகள் துணியில் மாட்டியிருந்தாலும் கீறல்தான். உப்புத் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டில், ஆர்.ஓ. வைக்கும் எண்ணமும் இல்லை என்றால், அக்ரிலிக் வேண்டாம். விலையும் கண்ணாடியைவிடப் பல மடங்கு.

மறைந்திருக்கும் செலவு வழியில் இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரை 460 கி.மீ. மரச்சட்டம் அடித்துக் கட்டும் கூலி, லாரி வாடகை, வீட்டு வாசலில் இறக்க ஆறு ஆள். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பது பில்லில் எழுத்தாக இருக்க வேண்டும். வந்து ஆறு மாதம் கழித்துக் கசிந்தால் அவர் ஆள் அனுப்புவாரா, நாம் திருப்பி அனுப்ப வேண்டுமா என்றும் கேளுங்கள். திருப்பி அனுப்பும்படி சொன்னால் அது உத்தரவாதமே ஆகாது.

வழி நான்கு: சாதாரணத் தொட்டிக்குள் படி கட்டுவது

இதைக் கேட்கும்போது யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் நான்கு பேரில் இரண்டு பேருக்கு நான் சொன்னது இதுதான். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் வழக்கமான தொட்டி. உள்ளே பின்பாதியில் பி.வி.சி. குழாயில் சட்டம் கட்டி, துளைத் தட்டு போட்டு, மேலே மெல்லிய கல்லும் மணலும். முன்விளிம்பில் கற்களைச் சுவர் மாதிரி அடுக்கினால் மேடும் பள்ளமும் வந்துவிடும். மேட்டுக்கு அடியில் கிடைக்கும் வெற்றிடத்தில் பம்பையும் ஸ்பாஞ்சையும் ஒளித்துவைக்கலாம், அங்கே தண்ணீர் ஓட்டம் இருந்தால் போதும்.

முழங்கை மூட்டு கிடையாது. ஒரே மட்டத்தில் உட்காரும். முன்கண்ணாடியில் விசை 384-க்குப் பதிலாக 216 கிலோ. கை அடிவரை எட்டும். வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம், விற்றாலும் வாங்க ஆள் உண்டு. டிராப் ஆஃப் வடிவத்தை விற்கப் போனால், அதே இடம் இருக்கிற வீடு அமைய வேண்டும். கீழ்ப்பள்ளம் ஸ்டாண்டின் முகப்பில் தொங்குகிற அந்த அழகு மட்டும் இதில் வராது. அதற்காகத்தான் நீங்கள் ஆசைப்பட்டீர்கள் என்றால் இது உங்களுக்கு ஆறுதலாகாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

| பார்ப்பது | நாமே ஒட்டுவது | மதுரையில் ஒட்டி வாங்குவது | வெளியூரிலிருந்து | சாதாரணத் தொட்டியில் படி |
|---|---|---|---|---|
| தொட்டிச் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம், அக்ரிலிக் மிக அதிகம் | குறைவு |
| முழங்கை மூட்டு | நம் கையைப் பொறுத்தது | ஒட்டுபவரைப் பொறுத்தது | நன்றாக இருக்கும் | கிடையாது |
| குறுகிய வாசல் | பிரச்சினை இல்லை | வீட்டில் வந்து ஒட்டினால் சரி | நுழையாது | பெரும்பாலும் நுழையும் |
| கசிந்தால் | நாமே பிரிக்க வேண்டும் | கூப்பிட்டால் வருவார் | எழுதி வாங்கியதைப் பொறுத்தது | பழுது எளிது |
| மாற்றி விற்பது | கடினம் | கடினம் | கடினம் | எளிது |

எந்த வழியானாலும் வரும் செலவு

பள்ளத்துக்கென்று தனி பம்ப் வேண்டும், அடித்தரையை நோக்கித் திருப்பியது. 40 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 58 யூனிட். 80 செ.மீ. அடிவரை வெளிச்சம் போக 100 வாட் எல்.இ.டி. தினம் 8 மணி நேரம் என்றால் 48 யூனிட். அவ்வளவு வெளிச்சத்தில் மேட்டில் பாசி பிடிக்கும், அதனால் மங்கலாக்கும் வசதியுள்ள விளக்காக வாங்குங்கள். நன்னீர் மீனுக்கு நம் வெயிலில் ஃபேன் போதும். காற்று உலர்ந்திருப்பதால் தண்ணீர் மேல் ஃபேன் காற்று பட்டாலே சில டிகிரி இறங்கும், ஆவியாவதை மட்டும் நல்ல தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கடல் தொட்டி என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவை. 250 வாட் சில்லர் நாளில் பாதி நேரம் ஓடினால் 180 யூனிட். எல்லாம் சேர்ந்து வீட்டுக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

கடல் தொட்டி ஆசை உள்ளவர்களுக்கு இன்னொன்று. மண்டபமும் ராமேஸ்வரமும் பக்கத்தில் இருப்பதால் பவளத்துண்டு கொண்டுவந்து மேட்டில் வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மன்னார் வளைகுடா 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டையும் எடுக்கக் கூடாது. அந்தத் திட்டுகள் மீள்வதற்கே போராடுகின்றன, நம் வரவேற்பறைக்காக அதிலிருந்து ஒரு துண்டு கூட வரக் கூடாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பம்ப் நிற்கும். முதலில் மூச்சுத் திணறுவது பள்ளத்து மீன்களுக்குத்தான். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி, அதன் குமிழ் விடும் கல்லைப் பள்ளத்தின் அடியில் இறக்கி வையுங்கள்.

யாருக்கு எது

வாடகை வீடு, அல்லது மாடி என்றால் நான்காவது வழி. சொந்த வீடு, தரைத்தளம், ஆனால் வாசல் குறுகல் என்றால் வீட்டிலேயே வந்து ஒட்டித்தரும் உள்ளூர் ஆள், கைப்பழக்கம் இருந்தால் நீங்களே. வாசலும் அகலம், பணமும் இருக்கிறது, பச்சை அடிக்காத தெளிவான பார்வை வேண்டும் என்றால் வெளியூர்.

தெப்பக்குளம் தம்பிக்கு நான் சொன்னது இரண்டாவது வழி. வீடு கட்டும்போதே இடத்தை முடிவு செய்துவிட்டதால் தரைத்தளத்தில் அந்த மூலைக்கு அடியில் கான்கிரீட்டைக் கெட்டியாகப் போடச் சொன்னேன். ஸ்டாண்டும் தொட்டியும் ஒரே ஆள் பொறுப்பு. ஒட்டிப் பத்து நாள் கழித்து, டைல்ஸ் வேலை முடிவதற்கு முன்பே, சோதனை. முதல் நாள் பள்ளம் மட்டும் நிரம்பும் அளவு, இரண்டாம் நாள் மேட்டில் பாதி, மூன்றாம் நாள் முழுவதும். ஸ்டாண்டுக்குள் முழங்கைக்கு நேர் கீழே பழைய செய்தித்தாள் விரித்து வைக்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டமாகச் சுருக்கம் விழும், காய்ந்தாலும் மறையாது. ஏழு நாள் தாள் அப்படியே இருந்தால் எட்டாம் நாள் மணல் போடலாம்.